ஐயரம்மா எழுந்திருக்காத ஞாயிறு

புதிதாக அங்கி அணிந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரசங்கம் செய்வது எப்படி, அடக்க ஆராதனையில் எதைப் பேசக் கூடாது, கமிட்டிக் கூட்டத்தில் கோபப்படாமல் இருப்பது எப்படி என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. முதல் இரண்டையும் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மூன்றாவது எனக்கே கடைசிவரை கைவரவில்லை. நான் எழுத உட்கார்ந்தது, நற்கருணை அப்பத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நான் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

உங்களில் சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் வளர்ந்தவர்கள். நம் நெல்லைச் சபைகளில் குருவானவரை 'ஐயர்' என்றும் அவர் மனைவியை 'ஐயரம்மா' என்றும் கூப்பிடுவது உங்களுக்குப் புதிதாக இருக்கும். முதல் மாதம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பீர்கள். பிறகு பழகிவிடும். பழகிய பிறகு இன்னொரு தொல்லை உண்டு. வீட்டுக்குள் வந்தும் ஐயராகவே இருப்பீர்கள். தங்கைமாரும் சிரிக்க வேண்டாம். இனி உங்கள் வீட்டிலும் ஒரு மனிதர் உங்கள் அங்கிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கப் போகிறார்.

அப்போது நாங்கள் பேட்டையைத் தாண்டி, வயலும் வாழையுமாக இருந்த ஓர் ஊரில் இருந்தோம். நான், மனைவி ஞானசெல்வி, ஒரே மகள் ஜெமிமா. குருமனையில் இருந்த கட்டில், மேஜை, நாற்காலி எல்லாமே சபையுடையவை. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சபையின் பெயர் பெயிண்டால் எழுதியிருக்கும். முன்கதவில் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். பின்கதவில் வருகிறவர்கள் நேரே அடுப்படிக்கு வந்து, "ஐயரம்மா, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று மூடியைத் திறந்து பார்ப்பார்கள். செல்வி இதற்கெல்லாம் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. மகள் மட்டும் பரீட்சைக் காலத்தில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போய், நான் அங்கி மாற்றும் அறையான வெஸ்ட்ரியின் கதவைச் சாத்திக்கொள்வாள். ஊரிலேயே யாரும் எட்டிப் பார்க்காத அறை அது ஒன்றுதான்.

அந்தச் சபையில் எங்கும் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று இருந்தது. நற்கருணைக்கு முதலில் ஆண்கள் வருவார்கள். அவர்கள் முடித்ததும் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐயரம்மா எழுந்திருப்பார். அவர் எழுந்த பிறகுதான் மற்றப் பெண்கள் எழுந்திருப்பார்கள். யார் ஏற்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு முன்னே இருந்த ஐயரம்மாவும் அப்படித்தான் செய்தாராம், அதற்கு முன்னே இருந்தவரும் அப்படித்தானாம். செல்விக்கு இது பிடிக்காது. "நான் என்ன ரயில் எஞ்சினா?" என்று கேட்பாள். ஆனாலும் எழுந்திருப்பாள்.

இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். நான் உதவிகுருவாக இருந்த நாளில் எனக்கு மேலே இருந்த மூத்த குருவானவர். அவரிடம் ஊரே வந்து எல்லாவற்றையும் கொட்டும். ஒரு சொல் வெளியே வராது. ஒருமுறை தெருவில் பெரிய சண்டை. ஒரு வீட்டுப் பெண் அந்த விஷயத்தை அவரிடம் முன்பே சொல்லியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். "சொல்லியிருந்தா சண்டையே வந்திருக்காதே ஐயா" என்றேன். "அவ எங்கிட்ட சொன்னது சண்டைய நிறுத்துறதுக்கு இல்ல வே. அவளுக்குத் தூக்கம் வரணும்னு சொன்னா" என்றார். அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன், காதில் விழுந்தது வாயில் வரக் கூடாது என்று. நல்ல பாடம்தான். பல ஊர்ச் சபைகள் சேர்ந்த என் சேகரம் முழுவதும் என்னை நம்பியது இதனால்தான். ஆனால் இந்தப் பூட்டைச் சபை விஷயத்துக்கு மட்டும் போட வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

ஏப்ரல் மாதம். பேட்டையில் வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது பேராயர் ஐயா போனில் கூப்பிட்டார். பாபநாசம் மலையடிவாரத்தில் ஒரு சேகரம் காலியாகிறது, ஆலயக் கட்டுமானம் பாதியில் நிற்கிறது, சபை இரண்டாகக் கிடக்கிறது, பொறுமையான ஆள் வேண்டும், போகிறீரா என்று கேட்டார். பொறுமையான ஆள் என்று சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "உங்க சித்தம் ஐயா" என்றேன். உத்தரவு கைக்கு வரும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்றார். காற்று அடிக்கிறவர் அடுத்த சக்கரத்துக்குப் போகும் முன் எங்கள் குடும்பம் ஊர் மாறிவிட்டது.

ஜெமி அப்போதுதான் பதினொன்றாம் வகுப்பை முடித்திருந்தாள். டவுனில் பள்ளிக்கூடம். அதற்கு முன் என் இடமாற்றங்களால் அவள் மாறிய பள்ளிகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டே போகலாம். இந்தப் பள்ளியில்தான் முதல்முறையாகக் கூட்டாளிகளை வீட்டுக்குக் கூட்டி வந்தாள், போட்டிகளுக்குப் போனாள், சத்தமாகச் சிரித்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை இங்கேதான் இருப்போம் என்று செல்வி அவளிடம் சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்னது எனக்கும் தெரியும்.

வீட்டில் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சாப்பாட்டு நேரத்தில் யாராவது வந்துவிடுவார்கள். இரவில் அவள் களைத்துப் போயிருப்பாள். உத்தரவு வரட்டும், பேராயர் மனம் மாறினாலும் மாறலாம், வீணாக ஏன் கலக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த வகைச் சமாதானம் சொல்வதில் நம்மைப் போலத் தேர்ந்தவர்கள் வேறு தொழிலில் கிடையாது.

எங்கள் இடத்துக்கு வரவேண்டிய குருவானவர் என்னைவிட இளையவர். அவரிடமும் பேராயர் வெளியே சொல்ல வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். அவர் அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிட்டார். மனைவி பெயர் பியூலா. வெகுளியான பெண். ஒரு வியாழக்கிழமை செல்விக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"அக்கா, நான் பியூலா பேசுதேன். எங்களுக்கு உங்க ஊருதான் சொல்லியிருக்காவ. குருமனையில ஜன்னல் எத்தன இருக்கு? அளவு சொன்னியன்னா ஸ்கிரீன் தைக்கக் குடுத்துருவேன்."

செல்வி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தையல் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்து, ஒவ்வொரு அறையாகப் போய், ஜெமியின் அறையையும் சேர்த்து, எல்லா ஜன்னலையும் அளந்து, திரும்பக் கூப்பிட்டு அளவு சொன்னாள். இதை அவளே பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை மாலை நான் வீட்டுக்கு வந்தபோது காபி வந்தது, சாப்பாடு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. வெயிலுக்குத் தலைவலியாக இருக்கும் என்று நினைத்துத் தைலத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி அலமாரியிலேயே திருப்பி வைத்தாள்.

சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனை. மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு, நற்கருணை உண்டு. எங்கள் சபையில் ஆசீர்வாதம் அண்ணாச்சி என்று ஒருவர். கூடப்பிறந்த தம்பியோடு வரப்புத் தகராறு. இரண்டு பேரும் ஒரே ஆலயத்தில், ஒருவர் தலை ஒருவருக்குத் தெரியாதபடி தூணுக்கு இரண்டு பக்கமும் உட்காருவார்கள். அவரை மனதில் வைத்து அன்று நான் கொஞ்சம் காரமாகவே பேசினேன். மனத்தாங்கலை வைத்துக்கொண்டு ஆண்டவருடைய பந்திக்கு வராதீர்கள், ஒப்புரவான பிறகு வாருங்கள், நம் முன்னோர் வைத்த ஒழுங்கு இது என்றேன். முடிந்ததும் வாசலில் அண்ணாச்சியை நிறுத்தி, "இன்னைக்கு உங்களுக்குத்தான் சொன்னேன்" என்று நேரடியாகவே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். முன்வரிசையில் செல்வியும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஞாயிறு வந்தது. அப்பமும் திராட்சரசமும் முதலில் நான் எடுத்துக்கொண்டேன். பீடத்தின் முன்னே இருக்கும் மரக்கிராதி ஓரத்தில் ஆண்கள் வந்து முழங்காலிட்டார்கள். ஆசீர்வாதம் அண்ணாச்சி வரவில்லை. தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்ன சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது என்று எனக்குக்கூடக் கொஞ்சம் திருப்தி. ஆண்கள் முடிந்தார்கள். தட்டோடு திரும்பிப் பெண்கள் பக்கம் வந்தேன். கிராதி வெறுமையாக இருந்தது.

செல்வி எழுந்திருக்கவில்லை. ஜமுக்காளத்தில் முன்வரிசையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் எழாததால் பெண்கள் பக்கத்தில் ஒருவரும் எழவில்லை. ஜெமி கீபோர்டில் பாமாலை வாசித்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு முதலிலிருந்து அதே பாட்டை மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தாள். ஆண்கள் பக்கத்தில் கழுத்துகள் திரும்பின. ஆலய வேலைகளைக் கவனிக்கும் கோயில்குட்டியார் என்னிடம் வந்து, "ஐயரம்மாவுக்கு மயக்கமா இருக்குமோ?" என்று காதில் கேட்டார்.

தம்பிமாரே, தங்கைமாரே, இந்த மாதிரி நேரத்தில் நமக்கு எத்தனை யோசனைகள் வரும் தெரியுமா? குட்டியாரை விட்டு ஒரு வயதான அம்மாவை எழுப்பச் சொல்லலாம். ஒரு ஜெபத்தை ஆரம்பித்துவிடலாம், நாம் ஜெபிக்க ஆரம்பித்தால் யார் தடுக்கப் போகிறார்கள்? ஐயரம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அறிவித்துவிடலாம். மூன்றுமே நடந்திருக்கும். மூன்றிலுமே நான் தப்பித்திருப்பேன். ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்டால், அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. மயக்கம் வந்தவளின் பார்வை அது இல்லை. ஒரு முடிவோடு உட்கார்ந்திருந்தாள்.

தட்டைப் பீடத்தில் வைத்து வெள்ளைத் துணியால் மூடினேன். இறங்கிப் போய் அவள் முன்னே ஜமுக்காளத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். அங்கி காலுக்குள் சிக்கியது.

"செல்வி, ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. நேத்து நீங்கதான சொன்னிய, மனசுல தாங்கலோட வரக் கூடாதுன்னு."

"யார்மேல தாங்கல்?"

"பியூலா போன் பண்ணா. ஜன்னல் அளவு கேட்டா. அளந்து சொல்லிட்டேன்."

அவள் கோபமாகப் பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மிக மெதுவாகத்தான் பேசினோம். ஆனாலும் இரண்டாம் வரிசைக்குக் கேட்டிருக்கும், மூன்றாம் வரிசைக்கு இரண்டாம் வரிசை சொல்லியிருக்கும்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றேன்.

"எங்கிட்ட சொல்லாட்டா போகுது. அங்கன பாருங்க, அந்தப் பிள்ள ஒரே பாட்ட வாசிச்சுக்கிட்டு இருக்கா. அவளுக்கு இன்னும் தெரியாது. நான் அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவ முகத்தப் பாத்துக்கிட்டு எப்படி வந்து கைய நீட்ட?"

இந்த இடத்தில் 'என்னை மன்னிச்சுக்கோ' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் எனக்குப் பின்னால் முழுச் சபையும் பார்த்துக்கொண்டிருப்பது உறைத்தது. அங்கி போட்டவன் குத்தவைத்து மன்னிப்புக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துதான் ஆக வேண்டும். சபை நெகிழ்ந்துபோகும், என் தாழ்மையைப் பற்றி ஊரெல்லாம் பேசும். அவளுடைய கேள்வி மட்டும் அந்த ஜமுக்காளத்திலேயே கிடக்கும். ஊர் பார்க்கக் கேட்கும் மன்னிப்பு பல நேரம் கேட்பதே இல்லை, பிடுங்குவதுதான். அந்த நாள்வரை எத்தனை குடும்பங்களைச் சபைக்கு முன்னால் நிறுத்திக் கைகுலுக்க வைத்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

"இப்ப நான் என்ன செய்யணும், சொல்லு" என்று மட்டும் கேட்டேன்.

"போய் மத்தவியளுக்குக் குடுங்க. அவியள ஏன் நிறுத்தணும்? நான் இன்னைக்கு வரல. வீட்டுல வந்து மூணு பேரும் பேசுவோம்."

அப்படிச் சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பினாள். "ஏளா, போங்க. எனக்காவ யாரும் இருக்காண்டாம்" என்றாள். பெண்கள் தயங்கித் தயங்கி எழுந்தார்கள். நான் திரும்பிப் போய்த் துணியை எடுத்துவிட்டுத் தட்டைக் கையில் எடுத்தேன். ஒவ்வொரு கையிலும் அப்பத்தை வைக்கும்போது, இதை முதலில் விழுங்கியவன் நானல்லவா என்ற எண்ணம் போகவே இல்லை.

ஆராதனை முடிந்து வெஸ்ட்ரியில் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஆசீர்வாதம் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானேன்.

"ஐயரே, நேத்து நீரு சொன்னப்ப எனக்கு வருத்தந்தான். ஊருக்கு முன்னால தனியா உக்காரணுமேன்னு ராத்திரி பூரா நெனச்சேன்" என்றார். "இன்னைக்கு ஐயரம்மாவும் உக்காந்திருந்தாவ. எனக்குத் தொணைக்கு ஒரு ஆளு கெடச்சுது."

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அவர் அதற்குப் பிறகு தம்பியிடம் பேசினாரா என்று கேட்பீர்கள். பேசவில்லை. பிரசங்கத்தில் சொல்வதற்கு ஏற்ற மாதிரி எல்லாரும் திருந்திவிடுவதில்லை.

மதியம் வீட்டுக்குப் போனேன். செல்வி பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "ஐயரா உக்காராதிய" என்றாள். வேட்டியை மாற்றிச் சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். ஜெமி எதிரே இருந்தாள். காலையில் நடந்ததைப் பார்த்து ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்திருந்தது. பாபநாசம் என்று சொன்னேன், ஜூனில் போக வேண்டும் என்றேன், ஒத்துக்கொண்டுவிட்டேன் என்றும் சொன்னேன்.

"சரிப்பா" என்றாள் ஜெமி.

அவ்வளவுதான். ஒரு சுளிப்பு இல்லை. எனக்கு அப்படியே மூச்சு வந்தது. எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்தேன். செல்வி என்னைப் பார்த்து, "அவ 'சரி'ன்னு சொல்லுதத நம்பாதிய. அது நாம பழக்கின 'சரி'" என்றாள். "யாராவது வீட்டுக்கு வந்தா எந்திரிச்சு எடத்தக் குடுன்னா சரி. புதுத் துணிய வேற பிள்ளைக்குக் குடுன்னா சரி. லாரி வந்து நின்னா சரி. ஐயர் வீட்டுப் பிள்ளைக்கு வேற வார்த்த நாம சொல்லிக் குடுக்கலியே."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பேசியே பிழைத்தவனைப் பேசாமல் உட்கார வைப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும். உட்கார்ந்திருந்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. முன்கதவை யாரோ தட்டினார்கள். செல்வி இருந்த இடத்திலிருந்தே, "ஐயர் வீட்டுல இல்ல, பொறவு வாங்க" என்று குரல் கொடுத்தாள். குருமனையில் நான் கேட்ட மிகத் தெளிவான பொய் அதுதான். அதைக் கேட்டதும் ஜெமிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்தாள்.

"எனக்குப் போக இஷ்டம் இல்லப்பா. ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டும்போதுதான் எங்கிட்ட சொல்லுதிய. கூட்டாளிககிட்ட போய்ட்டு வாறேன்னு சொல்லக்கூட நேரம் இருக்காது. இந்தத் தடவ எனக்குப் போக முடியாது."

மகள் என்னிடம் 'முடியாது' என்று சொன்ன முதல் தடவை அது. வலித்தது. அதோடு, என்னிடம் சொல்லிவிட்டாளே என்று ஒரு நிம்மதியும் இருந்தது. எழுந்துபோய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று அங்கேதான் கேட்டேன், இரண்டு பேரிடமும். ஜெமி தலையை ஆட்டினாள். செல்வி, "பாப்போம்" என்றாள்.

மறுநாள் செல்வியையும் கூட்டிக்கொண்டு பேராயரைப் பார்க்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆளைப் பாத்திருப்பேனே" என்றார். "இப்ப உத்தரவு போயாச்சு. உம்மை நிறுத்தினா வரிசையா மத்தக் குடும்பமும் நிக்கும்." அவர் சொன்னதில் தப்பில்லை. சரி என்றவன் நான். செல்விதான் பேசினாள். "யாரையும் நிறுத்த வேண்டாம் ஐயா. இனிமே யாருக்காவது போன் பண்ணும்போது, 'வீட்டுல கேட்டுட்டுச் சொல்லும்'னு ஒரு வார்த்த சேத்துக்கோங்க. அது போதும்." பேராயர் எங்களுக்கு டீ சொன்னார்.

டவுனில் சின்ன வீடாக வாடகைக்குப் பிடித்துத் தாயும் மகளும் இருப்பது, நான் மட்டும் பாபநாசம் போவது என்று யோசித்தோம். இரண்டு வீடு நடத்த என் சம்பளம் காணாது என்று மூன்று பேருக்குமே தெரியும், யாரும் சொல்லவில்லை. அந்த வாரமே பியூலா மறுபடி கூப்பிட்டாள். ஞாயிறன்று ஆலயத்தில் நடந்தது அவள் காதுக்கும் போயிருந்தது. நம் திருமண்டலத்தில் செய்திக்கு வண்டிச் செலவு கிடையாது. போனில் அழுதாள். "எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா அப்படிக் கேட்டிருப்பேனா?" என்றாள். செல்வி அவளைத் தேற்றி, பிள்ளையின் படிப்பைப் பற்றிச் சொன்னாள்.

"அக்கா, பிள்ள அங்கனயே இருக்கட்டும். எங்ககூட. அது அவ ரூமு, அவ பள்ளிக்கூடம். எம் பயலுவ ரெண்டும் சின்னப் பயலுவ, அவனுவளுக்கும் ஒரு அக்கா இருந்த மாதிரி இருக்கும். நானும் ஐயர் வீட்டுப் பிள்ளதான்க்கா. பன்னெண்டாவது படிக்கும்போது எனக்கும் இப்படித்தான் பெட்டி கட்டுனாவ."

செல்வி உடனே சரி என்று சொல்லவில்லை. "ஜெமிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். பக்கத்தில் நின்ற நான், இவ்வளவு நல்ல மனசோடு சொல்கிறவளைக் காக்க வைக்கிறாளே என்று பதறினேன். அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. ஜெமியிடம் கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்தாள். தனியாக வெஸ்ட்ரியில் போய் உட்கார்ந்தாள், கூட்டாளிகளிடம் பேசினாள், பியூலாவோடு தானே போனில் பேசினாள். அதற்குள் பேராயர் அலுவலகத்திலிருந்து இரண்டு முறை, லாரி என்றைக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். இன்னும் வீட்டில் பேசி முடியவில்லை என்று சொன்னேன். அப்படி ஒரு பதிலை அந்த அலுவலகத்துக்கு அதற்கு முன் நான் சொன்னதில்லை. கடைசியில் ஜெமி வந்து, இருக்கிறேன், ஆனால் மாதம் ஒருமுறை அம்மா வந்து தன்னோடு தங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டோம்.

இடமாற்றத்தைச் சபைக்கு அறிவிக்கும் முன்பே ஜெமி தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்து அவர்களுக்குச் சொன்னாள். ஒரு முழு சாயங்காலம் முற்றத்தில் அவர்கள் சத்தம்தான். பின்கதவில் வந்த அம்மாமார் எல்லாம் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் மாதம் முதல் ஞாயிறு எங்களுக்குப் பிரிவு ஆராதனை. நற்கருணையும் இருந்தது. செல்வி என்னோடு முன்போல் பேச ஆரம்பித்திருந்தாள், சிரிக்கவும் செய்தாள். ஆனால் 'பாப்போம்' என்றாளே, அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வருவாளா மாட்டாளா என்று கேட்பதற்கு எனக்கு என்ன பாத்தியதை? முதல் நாள் ஆயத்த ஆராதனையில் யாரையும் பார்த்து எதையும் சொல்லவில்லை. சங்கீதம் ஒன்றை வாசித்து முடித்துக்கொண்டேன்.

ஆண்கள் முடிந்தார்கள். நான் தட்டோடு திரும்பினேன். நேராக முன்வரிசையைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சேலை சரசரக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், செல்வி உட்கார்ந்த இடத்திலிருந்தே கீபோர்டு பக்கம் கையைக் காட்டி ஜெமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜெமி வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். அன்றைக்கு முதலில் முழங்காலிட்டது என் மகள். அவள் பின்னே மற்றப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். இசை இல்லாமல் ஆலயத்தில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. செல்வி ஒவ்வொருவரையும் போகவிட்டு, கடைசி ஆளாக எழுந்து வந்து கிராதி ஓரத்தில் முழங்காலிட்டுக் கையை நீட்டினாள்.

சொல்ல வேண்டிய வார்த்தைகளை எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்கு வரவில்லை. அப்பத்தை எடுத்தேன். கீழே போட்டுவிடுவேனோ என்று பயம். சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"கை நடுங்குது பாருங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "பைய குடுங்க. நான் எங்கயும் போகல."

பையத்தான் கொடுத்தேன்.